மூக்கில்லாத மூக்குப்பேணி

நான் இதுவரை கீறிய படங்களில் ஆகவும் பிழையானது ஒரு மூக்குப்பேணியின் படம். 2022 செப்ரெம்பர் 14 என்று அதன் வலது கீழ் மூலையில் திகதி இருக்கிறது. என் அப்பாச்சி பால் குடித்த பித்தளைப் பேணி அது. இப்போது எங்கள் வீட்டில் யாரும் அதில் எதையும் குடிப்பதில்லை என்றாலும், வருடத்துக்கு இரண்டு தடவை புளி போட்டு மினுக்கி அலுமாரியில் வைத்துவிடுவோம். மனைவி அதை எடுத்து வந்து மேசையில் வைத்து, பென்சிலையும் தாளையும் தந்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். நான் இருபது நிமிடம் இருந்து, வாயின் வளைவையும் வயிற்றின் பருமனையும் பித்தளையில் யன்னல் வெளிச்சம் விழுந்த இடத்தையும் கவனமாகக் கீறி, நிழலும் போட்டு முடித்தேன். பாடசாலையால் வந்த மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா, மூக்கு எங்க?” என்று கேட்டாள்.

“எந்த மூக்கு?” என்று நான் திருப்பிக் கேட்டேன். பகிடிக்குக் கேட்கவில்லை.

அவள் ஒன்றும் சொல்லாமல் பேணியைப் பிடித்து மறுபக்கமாகத் திருப்பினாள். அதன் வயிற்றிலிருந்து ஒரு மூக்கு முளைத்து வெளியே வந்தது. எனக்கு அது அப்படித்தான் தெரிந்தது. ஒரு கணத்துக்கு முன்னர் இல்லாத ஒன்று வலப்பக்கத்தில் உண்டாகிவிட்டதைப் போல இருந்தது. பேணியின் மூக்கு என் இடக்கைப் பக்கம் பார்த்தபடி இருபது நிமிடமும் என் முன்னால் இருந்திருக்கிறது என்பதை நம்புவதற்கு எனக்கு அன்று இரவு வரை எடுத்தது.

நான் தொழிலால் படவரைஞன். யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமே வராத தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், ஒரு வயதான படவரைஞரின் வீட்டு விறாந்தையில் இந்தத் தொழிலைப் பழகினேன். அதன்பின் ஏறத்தாழ முப்பது வருடங்கள் வீட்டுப் பிளான் கீறியே குடும்பம் நடத்தினேன். இரண்டு பரப்புக் காணிக்குள் மூன்று அறையும் கார் விடும் இடமும் வேண்டும் என்று வருபவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் மாடிப்படியின் அகலம் கேட்பவர்களுக்கும், இடம்பெயர்ந்து திரும்பி வந்து பழைய அத்திவாரத்தின் மேலேயே மறுபடி கட்டுபவர்களுக்கும் கீறியிருக்கிறேன். ஒரு கோடு அரை மில்லிமீற்றர் தள்ளினால் இரவில் நித்திரை வராத ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு நடந்ததை விளங்கிக்கொள்வதற்கு இது தேவைப்படும்.

2022 யூன் மாதத்தில் பெற்றோல் இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் வேலைக்குப் போய்வந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். மோட்டார் சைக்கிளில் ஏறினால் தலைக்கவசம் போடாமல் ஒழுங்கையைக்கூடத் தாண்டாத நான், துவிச்சக்கர வண்டிக்கு அதைப் போட வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரு மாலை, மின்வெட்டு நேரம், கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் குறுக்கே வந்த நாய்க்கு விலத்தினேன். மதவின் கட்டில் என் தலையின் வலப்பக்கம் அடிபட்டது. இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் நினைவில் நாயும் இல்லை, மதவும் இல்லை.

நினைவுநிலையை அளக்க 1974இல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர்கள் இருவர் வகுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை புள்ளி கொடுப்பார்கள். என்னுடைய அட்டையில் 9 என்று எழுதியிருந்தது. நடுத்தரமான காயம் என்று அதற்குப் பொருள். சி.ரி. ஸ்கானில் மூளையின் வலப் பாதியில் காதுக்கு மேலே சற்றுப் பின்னாக இரத்தக்கட்டியும் கண்டலும் தெரிந்ததால் மண்டையோட்டைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். பதினொரு நாட்கள் எனக்கு இல்லை. அந்த நாட்களில் நான் கண் திறந்திருந்தேன், கதைத்தேன், தாதியிடம் மாடிப்படியின் அகலம் விசாரித்தேன் என்றெல்லாம் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது வலிப்பு வராமலிருக்கக் குளிசையும், தையல் வெட்ட வர வேண்டிய திகதியும் தந்து, இனிப் பிரச்சினை இல்லை என்றார்கள். கையும் காலும் அசைந்தன, பேச்சும் தெளிவாக இருந்தது. ஆகவே அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனால் உலகத்தின் பாதி எனக்குக் காணாமல் போயிருந்ததைப் பற்றி யாரும் என் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் ஆறவில்லை. ஐந்து நிமிடம் செலவழித்து ஒரு மணிக்கூட்டை வரையச் சொல்லியிருந்தாலே தெரிந்திருக்கும்.

வீட்டில்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கோப்பையில் வலப்பக்கம் இருந்த புட்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு வைக்கவில்லையா என்று கேட்பேன். மனைவி கோப்பையை அரைவட்டம் திருப்பி வைத்தால் குழம்பு வந்துவிடும். முகம் வழித்துவிட்டு வந்தால் இடக்கன்னத்தில் தாடி அப்படியே இருக்கும். கதவால் போகும்போது இடத்தோள் நிலையில் இடிபடும், நான் நிலையைத் திட்டுவேன். இடப்பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடுவேன்.

வாசிப்பில் இது இன்னும் விசித்திரமாக இருந்தது. தமிழ் இடமிருந்து வலமாகப் போகும் எழுத்து என்பதால் சொற்களின் தலைகள் எனக்கு வெட்டுப்பட்டுப் போயின. யாழ்ப்பாணம் ‘பாணம்’ ஆனது, மருதனார்மடம் ‘மடம்’ ஆனது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ்ஸும் காங்கேசன்துறை பஸ்ஸும் எனக்கு ஒரே ‘துறை’க்குத்தான் போயின. இது எங்கள் பஸ்தான் என்று பருத்தித்துறைக்குப் புறப்பட்ட வண்டியில் ஏறி இருந்துகொண்டு, இறங்கமாட்டேன் என்று மனைவியுடன் சண்டை பிடித்திருக்கிறேன். பால்மாப் பையில் ஆயிரத்தைத் தாண்டிய விலையில் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு வாசித்ததால், அந்த வருடம் நாடு முழுவதும் விலையேற்றத்தில் தவித்தபோது எனக்கு மட்டும் சாமான்கள் மலிவாகவே இருந்தன.

இதை வைத்தியத்தில் புறக்கணிப்பு என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்றைக் கண்டுவிட்டுத்தானே புறக்கணிக்கலாம்? கண்ணில் ஒரு பழுதும் இல்லை. கண்ணாடிக் கடையில் பரிசோதித்தால் இரண்டு கண்களும் நன்றாகவே இருக்கும். குறை பார்வையில் இல்லை, கவனத்தில். மூளையின் இடப் பாதி பெரும்பாலும் வலப்பக்க உலகத்தையே கவனிக்கிறது என்றும், வலப் பாதியோ இரண்டு பக்கங்களையும் கவனித்துக்கொள்கிறது என்றும் பலரும் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் ஒன்று உண்டு. இடப் பாதி பழுதானால் வலப் பாதி அந்த வேலையையும் ஓரளவு பார்த்துக்கொள்ளும். வலப் பாதி பழுதானால் இடப்பக்கத்தைப் பார்க்க ஆள் இல்லை. ஆள் இல்லாத இடம் இருட்டாகவும் தெரியாது, வெறுமையாகவும் தெரியாது. உங்கள் தலைக்குப் பின்னால் இந்த நேரம் என்ன நிறம் தெரிகிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எனக்கு என் இடப்பக்கம் அப்படித்தான் இருந்தது.

குறையே தெரியாமலிருப்பதுதான் இந்தக் காயத்தின் கொடுமை. தன் நோயைத் தானே அறியாத இந்த நிலைக்குப் பாரிஸ் நகரத்து நரம்பியல் வைத்தியர் பாபின்ஸ்கி 1914இல் ஒரு பெயரே வைத்தார். கை முறிந்தவனுக்குக் கை முறிந்தது தெரியும். எனக்கோ மற்ற எல்லாரும் பொய் சொல்வதாகத் தெரிந்தது. மனைவி சாமான்களை ஒளித்து வைத்து என்னைச் சோதிக்கிறார் என்றும், நான் கேட்கும்போது வேண்டுமென்றே பேசாமலிருக்கிறார் என்றும் நம்பினேன். “நான் பக்கத்தில இருந்துதானே கதைக்கிறன்” என்று அவர் அழுதிருக்கிறார். அவர் இருந்தது இடப்பக்கத்தில். உறவினர் சிலர் செய்வினை என்றார்கள், சிலர் நூல் கட்டச் சொன்னார்கள். எனக்கு விசர் என்று தீர்மானித்தவர்களும் இருந்தார்கள். நான் அவர்கள் எல்லாருடனும் வாதாடி வென்றுகொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் மாதக் கடைசியில், கிளினிக்கில் ஒரு வைத்தியர் சந்தேகப்பட்டுத் தொழில்வழிச் சிகிச்சைக்கு அனுப்பினார். அங்கே இருந்தவர் என் மகளை விட ஒரு பத்து வயது மூத்த பிள்ளை. அவர் ஒரு தாளில் சிதறிக் கிடந்த சின்னச் சின்னக் கோடுகளைக் காட்டி, எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். வெட்டினேன். முடிந்துவிட்டதா என்று கேட்டார், முடிந்துவிட்டது என்றேன். ஒரு வட்டம் தந்து மணிக்கூடு வரையச் சொன்னார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை அத்தனை இலக்கங்களையும் வலப் பாதிக்குள்ளே நெருக்கி அடுக்கிவிட்டு, இடமில்லாமல் போனதற்கு வட்டம் சிறிது என்று குறை சொன்னேன். கடைசியாக 20 சென்ரிமீற்றர் நீளமான கிடைக்கோடு ஒன்றைத் தந்து, அதன் நடுவில் புள்ளி வைக்கச் சொன்னார். வைத்தேன். அவர் அடிமட்டத்தை எடுத்து என்னிடமே நீட்டி, “நீங்களே அளந்து பாருங்கோ ஐயா” என்றார்.

இடப்பக்கம் 14.6, வலப்பக்கம் 5.4.

அடிமட்டத்துடன் நான் வாதாடமுடியாது. மனைவியின் கண்ணீரும் மகளின் கெஞ்சலும் செய்யாததை அந்தப் பிளாஸ்ரிக் அடிமட்டம் செய்தது. நாலரை சென்ரிமீற்றருக்கு மேல் தள்ளி நடுப்புள்ளி வைத்த படவரைஞன் நான். அன்று முழுவதும் நான் யாருடனும் கதைக்கவில்லை. என் தலைக்குள் ஏதோ பிழைத்துவிட்டது என்று முதன்முறையாகப் பயந்தேன். அந்தப் பயம் வந்தபிறகுதான் சிகிச்சையே தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டில் தினமும் ஏதாவது கீறுங்கள், பிளான் வேண்டாம், கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் கீறுங்கள் என்பதுதான் அந்தப் பிள்ளை சொன்ன மருந்து. முதலில் மறுத்தேன். படம் கீறுவது சின்னப் பிள்ளைகளின் வேலை, நான் கீறுவது பிளான் என்று ஒரு கெப்பர் எனக்குள் இருந்தது. என் அம்மா தன் பங்குக்குப் பனையோலை கொண்டுவந்து குட்டான் இழைக்கப் பழக்கினார். இரண்டு கைகளும் சேர்ந்து வேலை செய்யும் என்பது அவருடைய கணக்கு. நல்ல கணக்குத்தான். ஆனால் இடக்கையில் பிடித்திருந்த ஓலைகளை நான் மறந்துவிடுவேன். பத்து நிமிடத்தில் அவை குலைந்து மடியில் கிடக்கும், எனக்குக் கோபம் வரும். குலைந்த ஓலை ஒன்றையும் பதிந்து வைப்பதில்லை. கீறிய கோடு நாளைக்கும் இருக்கும். அதனால் பென்சிலுக்கே திரும்பினேன்.

தாளும் அப்போது இலேசில் கிடைக்கவில்லை. அந்த வருடம் மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே பிற்போட்டிருந்தார்கள். வரைதல் கொப்பியின் விலையைக் கேட்டுவிட்டு மனைவி வெறுங்கையுடன் வந்தார். ஆனால் என் அலுமாரிக்குள் இருபது வருடத்துப் பழைய பிளான் பிரதிகள் சுருள் சுருளாகக் கிடந்தன. அவற்றின் வெறும் பின்பக்கங்களில்தான் நான் கீறினேன். அப்போது எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். ஒரு வீட்டின் பிளானை முன்பக்கமாகப் பார்க்கும்போது இடப்பக்கத்துக் குசினி எனக்கு இல்லை. அதையே யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தால், கோடுகள் இடம் வலம் மாறித் தெரியுமல்லவா? குசினி வந்துவிடும், விறாந்தை போய்விடும். நானே கீறிய வீடு, அறை அறையாக எனக்குத் தெரிந்த வீடு, தாளைத் திருப்பத் திருப்ப ஒரு பாதி வந்து மறுபாதி போய்க்கொண்டிருந்தது.

ஓவியச் சிகிச்சை என்ற சொல்லை 1942இல் முதலில் பயன்படுத்தியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் என்பார்கள். காசநோய்க்குச் சானடோரியத்தில் மாதக்கணக்காகக் கிடந்தபோது, கட்டிலில் இருந்தபடி கண்ணில் பட்டதைக் கீறித் தன்னைத் தேற்றிக்கொண்டவர், பிறகு மற்ற நோயாளிகளையும் கீற வைத்தார். மனத்தைத் தேற்றுவது பெரிய காரியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இன்று ஓவியச் சிகிச்சை என்றால் நிறம் தீட்டு, மனம் இலேசாகும் என்ற அளவில் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். கனடாவிலிருந்து என் பெரியம்மாவின் மகள், பெரியவர்கள் நிறம் தீட்டும் புத்தகம் ஒன்றை அன்போடு அனுப்பியிருந்தார். பூக்கோலம் மாதிரி வட்ட வட்டமான படங்கள். நான் ஒவ்வொரு வட்டத்திலும் வலப் பாதியை மட்டும் அழகாகத் தீட்டி, பக்கத்தைப் புரட்டி, புத்தகத்தை முடித்துவிட்டேன். மனம் இலேசாகத்தான் இருந்தது. அதனால் என்ன பயன்? எனக்குத் தேவைப்பட்டது ஆறுதல் இல்லை, சாட்சி. பார்த்துக் கீறும் படம் அந்தச் சாட்சியைத் தந்தது. எதிரே பொருள் இருக்கிறது, தாளில் நான் கீறியது இருக்கிறது, இரண்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், நானும்தான்.

எனக்கு முன்னர் இந்த வழியால் போனவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பிறகு அறிந்தேன். ஜேர்மனிய ஓவியர் லோவிஸ் கொரிந்த் 1911 டிசம்பரில் பாரிசவாதத்தால் இடப்பக்கம் விழுந்தும், மனைவி சார்லொட்டின் துணையுடன் மறுபடி தூரிகையைப் பிடித்து, 1925இல் இறக்கும்வரை வரைந்தார். அன்ரன் ராடர்ஷைட் என்ற இன்னொரு ஜேர்மனியர் 1967இல் இதே நோயால் விழுந்து எழும்பி, கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். முதற்படங்களில் முகத்தின் ஒரு பாதி தாளில் இல்லை. அடுத்தடுத்த மாதங்களில் அந்தப் பாதி சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது. அந்தப் படங்களை மகள் கைபேசியில் காட்டியபோது, ஒரு பெரிய ஓவியனும் கொக்குவில் படவரைஞனும் ஒரே பிழையை ஒரே பக்கத்தில் விட்டிருப்பது எனக்கு என்னவோ ஒரு துணிவைத் தந்தது.

எங்கள் வீட்டு முறை இப்படி அமைந்தது. காலையில் தேநீர் குடித்த கையோடு, தலை இன்னும் களைக்காத நேரத்தில், இருபது நிமிடம் மட்டும். மூளை காயப்பட்டவனின் களைப்பு உடற்களைப்புப் போன்றதல்ல. அது திடீரென்று விளக்கை ஊதி அணைத்தமாதிரி வரும், வந்தபின் செய்வதெல்லாம் வீண். தாளின் இடது ஓரத்தில் மகள் சிவப்புப் பென்சிலால் மேலிருந்து கீழாகத் தடித்த கோடு ஒன்று போட்டுத் தருவாள். அந்தச் சிவப்பைக் கண்டுபிடிக்காமல் நான் முதற்கோட்டைப் போடக் கூடாது. இடக்கை அந்த ஓரத்தைப் பிடித்தபடியே இருக்க வேண்டும், ஏனென்றால் இடக்கைக்கு வேலை கொடுத்தால் அந்தப் பக்கத்துக்குக் கவனமும் கொஞ்சம் சேர்ந்து வரும். “பருத்தித்துறை வெளிச்சவீட்டை நினையுங்கோ ஐயா, அது எப்பிடி ஒரு கரையிலயிருந்து மற்றக் கரைக்குச் சுத்துதோ அப்பிடித் தலையைத் திருப்புங்கோ” என்று சிகிச்சைப் பிள்ளை சொல்லித் தந்திருந்தார். வெளிச்சவீட்டைச் சொல்லிப் பழக்குவது பிறநாடுகளிலும் உள்ள முறைதான் என்று பிறகு அறிந்தேன். ஆனால் என் தலைக்குள் சுற்றியது பருத்தித்துறை வெளிச்சவீடுதான். சாப்பிடும்போதும் வீதியைக் கடக்கும்போதும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. மனைவியும் எப்போதும் என் இடப்பக்கத்திலேயே இருந்து கதைக்கத் தொடங்கினார். முன்னர் அதனால் வந்த சண்டையை நினைத்தால், அதற்கு அவர் உடன்பட்டதே பெரிது.

நான் கீறியதில் எனக்கு முக்கியமான இரண்டு படங்கள் ஒக்ரோபரில் கீறியவை. எங்கள் வளவை நினைவிலிருந்து கீறச் சொன்னார்கள். முதல்நாள், படலையடியில் நின்று வீட்டைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கீறினேன். வீடு வந்தது, வலப்பக்கம் பலாமரம் வந்தது, அதன் கீழே மகளின் துவிச்சக்கர வண்டியும் வந்தது. இடப்பக்கத்தில் கிணறு இல்லை. பிறந்த நாளிலிருந்து தண்ணீர் குடிக்கும் கிணறு! மறுநாள், விறாந்தையில் இருந்து படலையைப் பார்ப்பதாக நினைத்துக் கீறினேன். இப்போது வலப்பக்கமாக வந்துவிட்ட கிணறும், வாழைகளும், உடுப்புத் தோய்க்கும் கல்லும்கூட வந்துவிட்டன. பலாமரத்தைக் காணவில்லை. 1978இல் இத்தாலியில் பிசியாக், லுசாத்தி என்ற இரு ஆய்வாளர்கள் இதே சோதனையைச் செய்திருக்கிறார்கள். மிலான் நகரத்துப் பேராலயச் சதுக்கத்தை மனக்கண்ணால் பார்த்துச் சொல்லச் சொன்னபோது, நோயாளிகள் நின்ற பக்கத்துக்கு ஏற்ப இடக்கைப் பக்கத்துக் கட்டடங்களை விட்டுவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் நிற்பதாக நினைக்கச் சொன்னபோது அவற்றையே வரிசையாகச் சொன்னார்கள். நினைவு அழியவில்லை, நினைவைப் பார்க்கும் பார்வைதான் பாதியாகிவிட்டது. என் இரண்டு படங்களையும் மகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டியபோது எங்கள் வளவு முழுதாக இருந்தது. கிணறு எனக்குள்ளேயே எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்த அன்று நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

கிளினிக் வாங்கிலில் ஒருமுறை கிளிநொச்சிப் பக்கத்து மனிதர் ஒருவருக்கு அருகில் இருந்தேன். 2009இல் பாய்ந்த செல் துண்டு ஒன்று அவருடைய தலையின் இடப் பாதியில் இன்னும் இருக்கிறது என்று அவருடைய தங்கை சொன்னார். இரும்பு இருப்பதால் காந்தப் புலத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் அவருக்கு எடுக்க முடியாதாம். அவருக்குப் பேச்சில்லை. எதைக் கேட்டாலும் ‘ஓம்’ என்ற ஒரு சொல்தான் வரும், இல்லை என்பதற்கும் அதுவேதான். 1861இல் பாரிஸில் புரோக்கா என்ற வைத்தியர் பார்த்த நோயாளிக்கும் ‘தான்’ என்ற ஒரே ஓசைதான் மிஞ்சியிருந்தது என்றும், மூளையின் இடப் பாதியில் பேச்சுக்கு இடம் இருப்பது அந்த நோயாளியால்தான் விளங்கியது என்றும் நான் பிறகு வாசித்தேன். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. எந்த ஊர் என்று கேட்டேன். ஓம் என்றார். என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, என் தாளின் மூலையில் நீண்ட அணைக்கட்டொன்றையும் அதன்மேல் ஒரு மாட்டையும் தண்ணீரையும் கீறினார். “இரணைமடுவா?” என்றேன். ஓம் என்று சொல்லிச் சிரித்தார், அந்த ஓம் உண்மையான ஓம். பதின்மூன்று வருடங்களாக அவர் கையில் யாரும் ஒரு பென்சில் கொடுக்கவில்லை என்று தங்கை சொன்னபோது நான் பதில் சொல்லவில்லை.

டிசம்பருக்குள் நடுப்புள்ளி 1.8 சென்ரிமீற்றருக்கு வந்தது. அடுத்த வருடச் சித்திரைப் புத்தாண்டளவில் ஒரு சென்ரிமீற்றருக்குக் கீழே. ஒவ்வொரு மாதமும் அதை அளந்து ஒரு கொப்பியில் எழுதுவது எனக்குப் பிடித்த வேலை. முதல் மாதங்களில் காயம் தானாகவும் ஆறும் என்பதால் இதில் எவ்வளவு பென்சிலின் வேலை, எவ்வளவு காலத்தின் வேலை என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அப்படிப் பிரித்துச் சொல்பவர்களை நான் நம்பவும் மாட்டேன். இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. இடப்பக்கத்தை விட்டுவிடக் கூடாது என்ற பயத்தில் அதை அளவுக்கு மிஞ்சிக் கீறத் தொடங்கினேன். மூக்குப்பேணியை மறுபடி கீறியபோது அதன் மூக்கு யானைத் தும்பிக்கை மாதிரி நீண்டு சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. இதில் பால் குடித்தால் வாய்க்கு வந்து சேர விடிந்துவிடும் என்று மனைவி சொன்னார். காயத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த முதற்சந்தர்ப்பம் அதுவாக இருக்கலாம்.

பிளான் கீறும் தொழிலுக்கு நான் முழுதாகத் திரும்பவில்லை. கணினித் திரையில் இடப்பக்கத்தில் வரும் பட்டியல்களை இன்னும் தவறவிடுகிறேன். பின்னேரமானால் என் கோடுகளை நானே நம்புவதில்லை. ஒரு வீட்டின் இடப்பக்கச் சுவரில் யன்னல் விடுபட்டால் பரவாயில்லை, தூண் விடுபட்டால் யார் பொறுப்பு? முன்னர் வேலை தந்த ஓர் இடம், நான் வருவதாகச் சொன்ன நாளுக்கு முன்னரே வேறு ஆளை எடுத்துவிட்டது. அவர்கள் அதைச் சொன்ன விதம்தான் சரியில்லை, எடுத்தது சரி. இப்போது மற்றவர்கள் கீறும் பிளான்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். தாளைத் தலைகீழாகத் திருப்பி இரண்டு முறை பார்ப்பதால், முன்னர் கண்ணில் படாத பிழைகளும் படுகின்றன.

படம் கீறுவதை மட்டும் நிறுத்தவில்லை. இரண்டு மாதங்களாக எங்கள் ஒழுங்கையின் கடைசியில் இருக்கும் நாற்சார் வீட்டைக் கீறுகிறேன். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அதை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப் போகிறார்கள். அதற்கான பிளானைச் சரிபார்க்கத் தந்ததும் என்னிடம்தான். பனைமரச் சிலாகைகளும் பீலி ஓடும் போட்ட கூரை, நடுவில் மழை நேரே விழும் முற்றம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் தூண் வைத்த திண்ணைகள். நான் தெற்குத் திண்ணையில் வடக்கைப் பார்த்தபடி கதிரை போட்டு இருப்பேன். கிழக்குப் பக்கம் என் வலக்கைப் பக்கம் என்பதால் ஒரு காலைக்குள் முடிந்துவிட்டது. மேற்குப் பக்கத்தில் எத்தனை தூண்கள் என்பதை இருந்த இடத்திலிருந்து எண்ணினால் ஒருநாள் ஐந்து வரும், ஒருநாள் மூன்று வரும். ஆகவே எழும்பிப் போய், ஒவ்வொன்றையும் இடக்கையால் தொட்டு எண்ணினேன். ஏழு. மூன்றைக் கீறிவிட்டேன், நாளை காலை நான்காவது.